மொய் மேசைக்கு ஏற்ற லினக்ஸ் டெஸ்க்டாப் எது?

உசிலம்பட்டிப் பக்கம் கணினி மொய் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து என்று எது நடந்தாலும் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும். அதில் ஒரு லேப்டாப், பக்கத்தில் சின்னதாக ஒரு பிரிண்டர். வருகிறவர் பேரும் ஊரும் தொகையும் சொல்லுவார், ஒருவர் பணத்தை எண்ணுவார், இன்னொருவர் தட்டுவார், சீட்டு கைக்கு வரும். விழா முடிந்ததும் ஊர்வாரியாகப் பிரித்த மொய் நோட்டு விழா வீட்டாரிடம் போய்விடும். நானும் என் வீட்டுக்காரரும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம். எங்களோடு டைப் அடிக்கிற ஒரு அக்காவும் இருக்கிறார்.

எங்கள் லேப்டாப்கள் எல்லாம் மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. நான்காம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி ராம், 1366 × 768 திரை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் எட்டாம் தலைமுறைச் சிப்பும் எங்களுடையதில் இல்லை. ஓடுகிற மெஷினைக் குப்பையில் போட மனசு வராது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் எனக்குப் புதிதும் இல்லை. ஆகவே டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். அது 2025 ஆகஸ்ட்டில் வந்தது, ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. அது பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், எந்த லினக்ஸ் என்பதைவிட எந்த டெஸ்க்டாப் என்பதைத்தான் நிதானமாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மேசையில் உட்காருகிறவர் கண்ணும் கையும் நாள் முழுக்கப் புழங்குவது அதில்தான்.

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். விண்டோஸில் கீழே இருக்கும் பட்டை, ஸ்டார்ட் மெனு, சன்னல்கள் எல்லாம் இயங்குதளத்தோடு ஒட்டியே வரும். லினக்ஸில் அது தனிப் பகுதி. சன்னல்களை நகர்த்துவது, பேனல், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பைத்தான் டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்கிறார்கள். ஒரே மெஷினில் இரண்டு மூன்று தொகுப்புகளை நிறுவிவிட்டு, லாகின் திரையில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். ஃபைல்கள், பிரிண்டர், வைஃபை எல்லாம் அப்படியே இருக்கும். நானும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

எனக்கு வேண்டியவை சிலதான். பேர் அடித்துக்கொண்டிருக்கும்போது வேறு சன்னல் குறுக்கே வந்து நிற்கக் கூடாது. தமிழ் எழுத்து விரலோடு சேர்ந்து ஓடி வர வேண்டும். 4 ஜிபிக்குள் ஃபயர்பாக்ஸும் அடங்க வேண்டும், ஏனென்றால் என் தம்பி எழுதிக் கொடுத்த மொய் நிரல் அதில்தான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் அக்கா. அவர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் வேகத்துக்கு நானே ஈடுகொடுக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இடம் மாறினால் திகைத்துவிடுவார். மேசைக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கும்போது அந்தத் திகைப்பு எங்களுக்குக் கட்டாது. அதனால் அவருக்கு ஒத்துவருவதைத்தான் தேர்ந்தெடுப்பது என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன்.

முதலில் க்னோம். 1997-இல் தொடங்கிய திட்டம், உபுண்டு, ஃபெடோரா என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் முதன்மையாக வருவது இதுதான். பார்க்க இவ்வளவு சுத்தமான டெஸ்க்டாப் வேறு கிடையாது. தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ் என்ற நிரல் இதோடு பின்னிப் பிணைந்தே வருகிறது. எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. மொழி மாற்றுவதற்கு சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற எல்லாரும் க்னோமிடம் கற்க வேண்டும்.

ஆனால் அது நினைக்கிற விதம் வேறு. திரையில் ஐகான் வைக்க முடியாது, அந்த வசதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். சன்னலைச் சுருக்கும் பொத்தானும் இயல்பாக வராது. கீழே பட்டை கிடையாது, எல்லாவற்றுக்கும் ஆக்டிவிடீஸ் திரைக்குள் போய் வர வேண்டும். அக்கா உட்கார்ந்ததும் கேட்டது, "என்ன தாயி, கீழ இறக்குற பொத்தானையே காணோம்?" எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் சிறு நிரல்களைப் போட்டால் இவை எல்லாம் திரும்பி வரும். ஆனால் க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு விடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதைப் புதுப்பித்துத் தர வேண்டும். அடுப்படியில் அஞ்சறைப்பெட்டியை யாராவது அடிக்கடி இடம் மாற்றி வைத்தால் எப்படியிருக்கும்? தொழிலுக்கு வைத்திருக்கும் மெஷினில் அப்படி நடப்பதை நான் விரும்பவில்லை. 768 புள்ளி உயரமே உள்ள திரையில் க்னோமின் தடித்த தலைப்புப் பட்டைகள் நிறைய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எங்கள் மெஷினில் ராமும் சும்மா இருக்கும்போதே ஒன்றரை ஜிபி பக்கம் போனது. புதிய லேப்டாப், பெரிய திரை, கைநிறைய ராம் இருக்கிற காலேஜ் பிள்ளைகளுக்கு க்னோமைத் தயங்காமல் சொல்வேன். மொய் மேசைக்குச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கேடிஇ பிளாஸ்மா. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்த வராது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் தொடங்கி வைத்தது. 2024 பிப்ரவரியில் ஆறாம் பதிப்பு வந்தது. டெபியன் 13-இல் இருப்பது 6.3. வீட்டில் என் சொந்த மெஷினில் இதைத்தான் வைத்திருக்கிறேன், அதில் 16 ஜிபி ராம் இருக்கிறது. அழைப்பிதழ் வடிவமைப்பு, மொய் நோட்டுப் பக்க அமைப்பு எல்லாம் அதில்தான். காப்பி செய்தவற்றின் பட்டியல் கிளிப்போர்டிலேயே வரிசையாக நிற்கும், ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிற வேலைக்கு அது பெரிய உதவி. கேடிஇ கனெக்ட் வழியாக விழா வீட்டார் போனில் அனுப்பிய போட்டோவைக் கேபிள் இல்லாமல் லேப்டாப்புக்கு இழுத்துக்கொள்ளலாம். ஒகுலார் என்கிற பிடிஎஃப் நிரலும் கையோடு வருகிறது. டால்ஃபின் ஃபைல் மேனேஜரில் சன்னலை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பென்டிரைவ், மறுபக்கம் லேப்டாப் என்று வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

ஒரு சன்னல் மற்றொன்றின் கவனத்தைப் பறிப்பதைத் தடுக்க இதில் தனி அமைப்பே உண்டு. சன்னல் நடத்தை என்ற பகுதியில் எவ்வளவு கறாராகத் தடுக்க வேண்டும் என்று படிப்படியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட நிரல் எப்போதும் எந்த இடத்தில், எந்த அளவில் திறக்க வேண்டும் என்றுகூட விதி எழுதலாம். இவ்வளவு யோசித்துச் செய்த டெஸ்க்டாப் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம் ஏன் மேசைக்கு வேண்டாம் என்கிறேன்? 4 ஜிபியில் அது ஓடும். ஃபயர்பாக்ஸும் சேர்ந்தால்தான் மூச்சு வாங்குகிறது. ஃபைல்களைப் பின்னணியில் தேடி அட்டவணை போடும் வேலையை அணைத்தால் கொஞ்சம் இலகுவாகும், செட்டிங்ஸில் ஒரு டிக்கை எடுத்தால் போதும். இன்னொன்று, செட்டிங்ஸின் அகலம். வலது கிளிக் செய்தால் பேனலையே திருத்தும் நிலைக்குப் போய்விட முடியும். மண்டபத்தில் விழா வீட்டுப் பையன்கள் ஆசையாக வந்து மவுஸைத் தொடுவார்கள், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எனக்கு இவ்வளவு திறந்து கிடக்கும் டெஸ்க்டாப் அங்கே ஒத்துவராது.

மாட்டே என்ற டெஸ்க்டாப் பற்றி ஒரு வார்த்தை. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எனக்குப் பிளஸ் டூவில் கிடைத்த லேப்டாப்பிலும் அது இருந்தது. நான் முதலில் தொட்ட லினக்ஸ் அதுதான், அதில் இருந்தது பழைய க்னோம். க்னோம் 2011-இல் மூன்றாம் பதிப்புக்குத் தாவியதும், பழைய அமைப்பைக் கைவிட மனமில்லாதவர்கள் அதைத் தொடர்ந்து காப்பாற்றிக்கொண்டு வருவதுதான் மாட்டே. மேலே மெனு, கீழே சன்னல் பட்டியல். அந்த அரசு லேப்டாப்பில் பழகினவர்களுக்கு இது நேராகக் கைக்கு வரும். எனக்கும் பிடித்தது. பின்னால் சொல்லப்போகிற எக்ஸ்எஃப்சிஇ இல்லாதிருந்தால் இதைத்தான் போட்டிருப்பேன்.

லினக்ஸ் மின்ட் வளர்க்கும் சினமன், விண்டோஸ் 7 பழகிய கைக்கு மிகப் பொருத்தம், ஆனால் கிராபிக்ஸை நம்பி ஓடுவது. எல்எக்ஸ்க்யூடி இவை எல்லாவற்றிலும் மெலிந்தது. 2 ஜிபி மெஷின் வைத்திருப்பவர்கள் வேறு எங்கும் தேட வேண்டாம். அதன் செட்டிங்ஸ் பல சின்னச் சின்ன சன்னல்களாகச் சிதறிக் கிடப்பதுதான் எனக்கு அலுப்பாக இருந்தது.

இனி எக்ஸ்எஃப்சிஇ. எங்கள் மேசையில் இப்போது இருப்பது இதுதான்.

இதுவும் 1996-இல் பிறந்தது, ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது. அடையாளச் சின்னம் ஒரு எலி. புதுப் பதிப்புக்கு இவர்கள் அவசரப்படுவதே இல்லை. 4.12-க்கும் 4.14-க்கும் நடுவில் நான்கு ஆண்டுக்கு மேல் போனது. அதன் பிறகு 2020, 2022, 2024 என்று இரண்டு ஆண்டுக்கு ஒரு டிசம்பரில் ஒரு பதிப்பு. இப்போது இருப்பது 4.20. பத்து வருஷத்துக்கு முன் இதைப் பார்த்தவர் இன்று உட்கார்ந்தாலும் மெனு இருந்த இடத்தில் இருக்கும். இணையத்தில் பலர் இதை மந்தம் என்று குறை சொல்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை கிடையாது என்பேன். அக்கா ஒருமுறை கற்றுக்கொண்டதை மறுபடி கற்க வேண்டியதில்லை.

எங்கள் மெஷினில் தொடங்கியதும் ஒரு ஜிபிக்குள் நிற்கிறது. சன்னல் மேனேஜர் ட்வீக்ஸ் என்ற பகுதியில் இரண்டு வேலை செய்தேன். கம்போசிட்டரை அணைத்தேன், நிழல், மங்கல் போன்ற அலங்காரம் போய் வேகம் வந்தது. கவனம் பறிப்பதைத் தடுக்கும் டிக்கைப் போட்டேன். பிளாஸ்மா மாதிரி படிகள் இல்லை, இருக்கு அல்லது இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும். நோட்டிஃபிகேஷனையும் தொந்தரவு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பேனலைக் கீழேயிருந்து எடுத்து இடது பக்கம் செங்குத்தாக வைத்தேன். அகலத்தில் இடம் மிச்சம், உயரத்தில்தான் பஞ்சம் என்பதால் 768 திரையில் மொய் நிரலுக்கு இன்னும் ஓரிரு வரி கூடுதலாகத் தெரிகிறது. கடைசியாக அடித்த பேர்கள் கண்முன் நிற்பது இந்தத் தொழிலில் முக்கியம். ஒரே ஊர், ஒரே பேர், தகப்பன் பேரில் மட்டும் வித்தியாசம் என்று வரிசையாக வருவார்கள். எழுத்துருப் பகுதியில் எழுத்தின் அளவைக் கூட்டும் டிபிஐ எண்ணை 96-இலிருந்து 112 ஆக்கினேன், அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்காமல் படிக்கிறார். பவர் மேனேஜரில் பிரசன்டேஷன் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் திரை தானாக அணையாது. மத்தியானம் பந்தி நேரத்தில் மேசையில் ஆள் குறைந்து, திடீரென்று ஒரு வேன் நிறையச் சனம் வந்து இறங்கும்போது பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குறை இல்லையா? உண்டு. தமிழ் தட்டச்சு க்னோமில் வருவதுபோல் இதில் தானாக வராது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிற எவருக்கும் டெஸ்க்டாப் தேர்வில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எக்ஸ்எஃப்சிஇயின் கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 விசைப்பலகை என்று தெரிவதைச் சேர்த்துவிட்டு, தமிழ் வந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் விசை வரைபடம், ஒரு விசைக்கு ஒரு எழுத்து. தமிழ்99-இன் அழகே அடுத்தடுத்து ஒரே மெய் வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதுதான். பேச்சியம்மாள், ஒச்சம்மாள், முத்துக்கருப்பு என்று எங்கள் பக்கத்துப் பேர்களை எடுத்துப் பாருங்கள், இரட்டை எழுத்து இல்லாத பேர் அபூர்வம். அந்த வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் புள்ளியைக் கையால் போட வேண்டும். முழுத் தமிழ்99 வேண்டுமானால் முன்பு சொன்ன எம்17என் தொகுப்பு வேண்டும். அதை ஐபஸ் வழியாகவோ, அது மாதிரியான இன்னொரு தட்டச்சு நிரலான எஃப்சிடிஎக்ஸ் 5 வழியாகவோ இயக்க வேண்டும். தட்டச்சுப் பொறி விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது, அக்காவுக்கு அதைத்தான் வைத்தேன். எனக்குத் தமிழ்99.

நான் எஃப்சிடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்தேன். டெபியனில் எஃப்சிடிஎக்ஸ் 5, அதற்கான எம்17என் இரண்டையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக் நிரலில் அதை முதன்மையாக வைத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் வேலை முடிந்தது. அதன் செட்டிங்ஸில் மொழி நிலையை எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சன்னலில் தமிழ், அடுத்ததில் ஆங்கிலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். கடைசி எழுத்து அடிக்கோட்டோடு நிற்கும்போது மவுஸால் வேறு கட்டத்தைத் தொடாமல், ஸ்பேஸோ டேபோ தட்டி நகரும் பழக்கமும் வேண்டும். எழுத்து அப்போதுதான் உறுதியாகப் பதியும். பிளாஸ்மாவில் இதையே வேலண்டில் (திரையில் வரைகிற புதிய முறை, அது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்) செய்ய, கீபோர்டு பகுதியில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் எஃப்சிடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே போய்த் தேட யாருக்கும் தோன்றாது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

பிரிண்டர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது டெஸ்க்டாப்பின் வேலையே இல்லை. எல்லா டெஸ்க்டாப்பிலும் அச்சுக்குப் பின்னால் இருப்பது கப்ஸ் என்ற ஒரே அச்சு நிரல்தான். உங்கள் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தால் எதிலும் ஓடும், இல்லாவிட்டால் எதிலும் ஓடாது. எங்களிடம் இருந்த பழைய லேசர் பிரிண்டர் ஒன்று ஓடவில்லை, அதை எங்கள் கடையில் இருக்கும் விண்டோஸ் மெஷினோடு விட்டுவிட்டோம். டிஜிட்டல் கையெழுத்து, கைரேகைக் கருவி மாதிரியான வேலைகளுக்கும் அந்த மெஷின் வேண்டியிருக்கிறது. ஆன்லைன் சேவை மையம் நடத்துபவர்கள் எல்லா மெஷினையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் வரைகிற அடிப்படை முறை எக்ஸ்11-இலிருந்து வேலண்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49-இல் எக்ஸ்11 இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. பிளாஸ்மா 6 வேலண்டைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலண்ட் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. இரண்டு திரையை வெவ்வேறு அளவில் வைத்து வேலை செய்பவர்கள், 4கே திரை வைத்திருப்பவர்கள் எல்லாம் இப்போதே பிளாஸ்மாவுக்கோ க்னோமுக்கோ போவதுதான் சரி, எக்ஸ்எஃப்சிஇ அவர்களுக்குப் போதாது. எங்கள் பழைய திரைகளுக்கு எக்ஸ்11-இல் ஒரு குறையும் இல்லை. டெபியன் 13-இன் ஆதரவு முடியும்வரை இப்படியேதான் வைத்திருப்போம். அடுத்த எக்ஸ்எஃப்சிஇ வந்ததும் வேலண்டில் எஃப்சிடிஎக்ஸ் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் என் வீட்டு மெஷினில் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால்தான் மேசை லேப்டாப்களைத் தொடுவேன்.